சுடாத கண்கள்

மலைக்கோவில் ஜன்னல் வேலைக்கு என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பி மலையேறி வந்தேன் பாருங்கள், அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கோவில் வாசலில் வெற்றிச்செல்வனின் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. கதவில் அவருடைய ஸ்டுடியோவின் பெயர், அதற்குக் கீழே ஒரு மாதாவின் முகம். அந்த முகத்தை வரைந்தது நான்.

காலையில் சந்தவாசலில் பஸ் ஏறினேன். கண்ணாடியைப் படுக்கப்போட்டால் ஒவ்வொரு வளைவிலும் அடி வாங்கும், நிமிர்த்தித்தான் பிடிக்க வேண்டும். வண்ணக் கண்ணாடியில் செய்த ஒன்றரை அடி உயர மாதிரி ஒன்றைப் பழைய போர்வையில் சுற்றி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவையும் கடந்தேன். "இன்னாம்மா அது, டிவியா?" என்று கண்டக்டர் கேட்டார். "இயேசு" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

என் பெயர் கலைவாணி, வயது முப்பத்தாறு. வேலூரில் வெற்றிச்செல்வனின் ஸ்டுடியோவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். சர்ச் ஜன்னல்களில் வைக்கிற வண்ணக் கண்ணாடி இருக்கிறதே, அதில் வானம், மரம், அங்கி எல்லாம் கலர் கண்ணாடியை வெட்டி ஈயப் பட்டையில் கோர்ப்பது. அதை நாலு பேர் செய்வார்கள். முகமும் கையும் மட்டும் தூரிகையால் வரைந்து சூளையில் சுட வேண்டும். அந்த ஸ்டுடியோவில் அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. இருபத்துமூன்று கோவில்களில் என் கை இருக்கிறது. ஒன்றில்கூட என் பெயர் இல்லை. கடைசிக் கோவிலின் திறப்பு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜன்னலின் மூலையில் எறும்பு அளவுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "கையெழுத்து போட நீ இன்னா டாக்டரா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்றைக்கே என் தூரிகைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சந்தவாசலில் ஒரு தகர ஷெட், ஒரு மின்சாரச் சூளை. இதுவரை செய்ததெல்லாம் பூஜை அறைக் கதவுக்கு லட்சுமி, கல்யாண மண்டபத்துக்கு மயில், ஒரு வக்கீல் வீட்டு பாத்ரூம் ஜன்னலுக்குத் தாமரை. எந்தச் சர்ச்சுக்குப் போய் நின்றாலும் ஒரே கேள்விதான், "இதுக்கு முன்னாடி எந்தக் கோவில் செஞ்சிருக்கீங்க?" செய்த இருபத்துமூன்றும் அந்த ஆளின் பெயரில் இருந்தால் நான் எதைச் சொல்ல? என் பெயரில் ஒரு கோவில், ஒரே ஒரு கோவில் கிடைத்துவிட்டால் போதும். அப்புறம் கேட்கிறவர்களுக்கு விரலை நீட்டிக் காட்டலாம். அந்த ஒன்று ஜமுனாமரத்தூரைத் தாண்டியிருக்கும் இந்தச் சின்ன மலைக்கோவிலாக இருக்கட்டும் என்றுதான் அத்தனை பாடுபட்டு வந்தேன்.

உள்ளே பீடத்துக்கு முன்னால் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஃபாதர் அருள்மணி. திருப்பத்தூர்க்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டாவதில் கோவில் பேரவைச் செயலாளர் பூபாலன், புளி மண்டி வைத்திருக்கிறவர். மூன்றாவதில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு வெற்றிச்செல்வன். பேரவையில் பெண்கள் சார்பாக இருக்கும் கெங்கம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து முறத்தில் சாமை புடைக்கிறவர் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு நாற்காலி இல்லை. போர்வையோடு நின்றேன்.

"அடடே, நம்ம கலை!" என்றார் வெற்றிச்செல்வன்.

"இந்தம்மாவ தெரியுமா சார்?" பூபாலன் கேட்டார்.

"தெரியாம இன்னா? நம்மகிட்ட வேலைக்கு இருந்த பொண்ணு. கண்ணாடி கழுவிக் குடுக்கும். தங்கமான பொண்ணு."

கழுவிக் கொடுத்தேனாம்! பச்சைப் பொய்யைப் பால் வடியும் முகத்தோடு சொல்ல அந்த ஆளால் மட்டும்தான் முடியும். "கழுவுனது கண்ணாடிய இல்ல சார், உங்க மானத்த" என்றேன். "நீங்க வாங்கிப் போத்திக்கிட்ட ஒவ்வொரு பொன்னாடைக்கும் ராப்பகலா வரைஞ்சவ நானு."

"ஏம்மா, வந்ததும் வராததுமா இன்னா பேச்சு இது? கோவில் இது" என்று பூபாலன் அதட்டினார்.

ஃபாதர் கையைத் தூக்கினார். "சண்டை வேணாம். ரெண்டு பேர் வேலையையும் பார்ப்போம், யாருக்குக் குடுக்கிறதுன்னு இன்னைக்கே முடிவு பண்ணிடுவோம்." ரெண்டு பேரை வரச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெற்றிச்செல்வன் பளபளவென்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் என் முகங்கள். சூசையப்பர், அந்தோணியார், சிலுவைக்குக் கீழே நிற்கிற மாதா. சூசையப்பரின் தாடிக்கு மூன்று தடவை சூளை போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது தடவை கண்ணாடி வெடித்து, திரும்ப முதலிலிருந்து வரைந்தேன். அன்றைக்கு அவர் ஏலகிரியில் ரிசார்ட்டில் இருந்தார்.

கெங்கம்மாள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மாதாவின் மேல் விரலை வைத்தார். "கண்ணுல தண்ணி நிக்குது பாரேன். மெய்யாலுமே அழுவுற மாதிரி கீது."

"அது நான் வரைஞ்சதுக்கா."

கெங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பூபாலன் புத்தகத்தைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "எங்க உன் பேரு?"

"பேர் போட விடல."

"அப்ப நீதான்னு எப்பிடி நம்புறது? நாளைக்கி நான் வந்து தாஜ்மகால் நான் கட்டுனதுன்னு சொன்னா ஒத்துக்குவியா?"

வெற்றிச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "வுடுங்க பூபாலன். வாயால யாரும் இன்னா வேணா சொல்லலாம். அதுவும் தொழில் கத்துக்குடுத்தவனையே திட்டுற காலம் இது." பதினோரு வருஷத்தில் அந்த ஆள் எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்று, அவர் டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதுதான்.

"சரிம்மா, உன்னது காட்டு" என்றார் ஃபாதர்.

போர்வையைப் பிரித்தேன். மாதிரியைத் தூக்கிக் கதவு வழியாக வந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தோளில் ஆட்டுக்குட்டியோடு இயேசு, மார்பு வரைக்கும். மலைப்பக்கத்து ஆட்டுக்குட்டி, கருப்பில் வெள்ளைத் திட்டு. முடி, மூக்கு, உதடு, தாடி எல்லாம் வரைந்து சுட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஃபாதரும் பேரவைக்காரர்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"கண்ணு எங்க?" என்றார் ஃபாதர்.

கண் இருக்க வேண்டிய இடம் இரண்டும் வெறும் கண்ணாடி. இமைக் கோடுகூடப் போடவில்லை.

"குருட்டு இயேசுவக் கொண்டாந்துகீது ஃபாதர்!" பூபாலன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இன்னா தைரியம் இருந்தா கண்ணில்லாத சாமியத் தூக்கினு எங்க கோவில் படியேறும்?"

"கண்ணு கடைசியாத்தான் வைப்பேன் சார்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கெங்கம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்து எழுந்தார். "கண்ணு வைக்கிறியா? இப்பத்தான் செவுரு பூசி, ஓடு மாத்தி, நாலு நல்லது நடக்குது. அதுக்குள்ள கண்ணு வைக்க வந்துட்டாளே! த்தூ, த்தூ!"

"ஐயோ அக்கா, அந்தக் கண்ணு இல்ல, இந்தக் கண்ணு" என்று என் கண்ணையே குத்திக் காட்டினேன். அவர் கேட்டால்தானே!

வெற்றிச்செல்வன் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க ஃபாதர். அது அவங்க வழக்கம். அம்மன் சிலைக்குக் கண்ணு தொறப்பாங்க இல்ல, அந்த மாதிரி. அவங்க சாமி வேற, பாவம், அவங்களுக்கு அதான் தெரியும்."

எனக்குத் தலைக்குள் ரத்தம் ஏறியது. இந்த ஆள் ஆடி மாசம் தவறாமல் குடும்பத்தோடு படவேட்டு அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர். சர்ச்காரர்களைப் பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் காரிலேயே நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொள்வார், அதற்கென்றே டேஷ்போர்டில் ஈரத் துண்டு வைத்திருப்பார். "நானும் அம்மனத்தான் கும்புடுறேன், இவரும் அம்மனத்தான் கும்புடுறாரு" என்றேன். "ஒரே வித்தியாசம், நான் இங்க வரும்போது குங்குமத்த அழிச்சுட்டு வரல. பாத்துக்குங்க." ஃபாதர் வெற்றிச்செல்வனின் நெற்றியைப் பார்த்தார். அந்த ஆள் கைக்குட்டையை எடுத்து வேர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சிலைக்குக் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தப் பழக்கம் கையில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அதில் என்ன குற்றம்? ஆனால் நான் கண்ணை விட்டு வைத்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

"ஃபாதர், இங்க ஜனங்க பெஞ்சுல உக்கார்றாங்களா, தரையிலயா?"

"தரையிலதான். ஏன்?"

"ஜன்னல் எட்டடி உயரத்துல கீது. பெஞ்சு போட்ட கோவிலுக்கு வைக்கிற கண்ண இங்க வச்சா, சாமி எல்லார் தலைக்கும் மேல வாசலப் பாக்கும். ஜனங்க எங்க உக்கார்றாங்க, எவ்ளோ தூரத்துல உக்கார்றாங்கன்னு தெரிஞ்சாத்தான் கருவிழிய எங்க வைக்கிறதுன்னு தெரியும். இவரு புத்தகத்துல கீற முகம் அத்தனையும் பெஞ்சு வச்ச கோவிலுக்கு வரைஞ்சது. நான் வரைஞ்சதால எனக்குத் தெரியும்."

"நல்லாத்தான் கத வுடுற" என்றார் பூபாலன். "கண்ணு வரையத் தெரியாது, அதான் வுட்டுட்ட. கஷ்டமான எடத்த வுட்டுட்டு மிச்சத்த யார் வேணா வரைவான்."

"தெரியும்."

"தெரிஞ்சா இப்ப வரை. எங்க கண்ணு முன்னாடி வரை."

"வரையறேன். சாரும் வரையட்டும். அவருதான ஸ்டுடியோ? அவருக்கும் ஒரு கண்ணு, எனக்கும் ஒரு கண்ணு."

வெற்றிச்செல்வன் தலையை ஆட்டினார். "இன்னா பேச்சு இது! ஓட்டல் மொதலாளியே வந்து தோசை சுடுவாரா?"

"எங்க ஊர்ல சுடுவாரு" என்றார் கெங்கம்மாள். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

பூபாலனே போய் ஏணியை இழுத்துக்கொண்டு வந்து பீடத்துக்குப் பின்சுவரில் சாய்த்தார். நான் விழுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை! ஜன்னலை மறைத்திருந்த பிளைவுட் பலகையை நீக்கினார். கிழக்குப் பார்த்த ஜன்னல். பத்து மணி வெயில் சடாரென்று உள்ளே விழுந்தது. சேலையை இழுத்துச் செருகி, தூரிகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியோடு ஏறினேன். யாரும் ஏணியைப் பிடிக்கவில்லை. ஃபாதர் ஒரு தடவை எழுந்தார், பூபாலனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மேலே போய் மாதிரியை ஜன்னல் கட்டையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் துணியைச் செருகினேன். பையிலிருந்து கருப்புப் பொடியை எடுத்து உடைந்த கண்ணாடித் துண்டில் கொட்டி, வேலம்பிசின் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கீழே திரும்பிப் பார்த்தேன். "கெங்கம்மாக்கா, ஞாயித்துக்கெழம நீங்க எங்க உக்காருவீங்க?"

"உனக்கெதுக்கு?"

"அங்க போய் உக்காருங்க. உங்களப் பாத்துத்தான் வரையப் போறேன்."

"என்னிய எதுக்குப் பாக்குற, சாமிய வரை" என்று முணுமுணுத்துக்கொண்டே போய், இடது பக்கத்துத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் மேல் இமை. அதை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், நடுவில் மூச்சு விட்டால் கோடு நடுங்கும். பிறகு கீழ் இமை, மெல்லியதாக. கருவிழியைக் கண்ணின் நடுவில் வைக்காமல் கீழே இறக்கி, இடது பக்கம் ஒரு நூல் தள்ளி வைத்தேன். கொஞ்சம் காய விட்டு, குச்சி முனையால் ஒரு புள்ளி சுரண்டி எடுத்தேன். அந்தப் புள்ளியில் வெயில் ஏறி உட்கார்ந்தது. இரண்டாவது கண்ணை முடிக்கும்போது என் கழுத்து மரத்துப் போயிருந்தது.

"ஏ" என்றார் கெங்கம்மாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது என்னியப் பாக்குது" என்றார்.

பூபாலன் நம்பாமல் போய் அவர் பக்கத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். அண்ணாந்து பார்த்தார். எழுந்து இரண்டடி தள்ளிப் போய்த் திரும்பவும் குந்தினார். "அட!" என்றார். அப்புறம் ஃபாதரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் மிச்சமிருந்தது வெற்றிச்செல்வன் ஒருத்தர்தான். பதின்மூன்று வருஷத்தில் என் வேலையை இத்தனை பேர் என் முன்னாலேயே பார்த்தது அதுதான் முதல் தடவை. கிடைத்துவிட்டது, என் கோவில் கிடைத்துவிட்டது என்று மனசு குதியாட்டம் போட்டது.

வெற்றிச்செல்வன் எழுந்து ஃபாதரின் காதில் ஏதோ சொன்னார். அவர், ஃபாதர், பூபாலன் மூன்று பேரும் வெளியே போனார்கள். நான் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன். கெங்கம்மாள் தூணோரத்தை விட்டு அசையவில்லை.

"ஏழு வருஷமா இதே எடத்துல உக்கார்றேன் பாப்பா" என்றார். என்னை முதல் தடவையாகப் பாப்பா என்கிறார். "எந்த ஃபாதரும் இந்தப் பக்கம் பாத்துப் பேசுனதில்ல. அல்லாரும் மின்னாடி கீற நாற்காலியத்தான் பாப்பாங்க."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துத் துப்பியதெல்லாம் மறந்தே போயிற்று.

வெளியே போனவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"நல்ல முடிவு ஒண்ணு எடுத்திருக்கோம்மா" என்றார் ஃபாதர். "யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம். ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க. ஸ்டுடியோ சாரோடது. முகம் மட்டும் நீங்க வரையணும். மேலிடத்துல அனுபவம் உள்ள ஸ்டுடியோவான்னு கேப்பாங்க, அதுக்கும் பதில் ஆச்சு. எங்களுக்கும் இந்தக் கண்ணு கெடைச்சுது."

"நான் ஒடனே சரின்னுட்டேன்" என்றார் வெற்றிச்செல்வன். "கலை நம்ம வூட்டுப் பொண்ணு. கோச்சுக்கினு போச்சு, இப்ப திரும்பி வருது. அவ்ளோதான?"

அவ்வளவுதானாம்! பதினோரு வருஷம் உழைத்து, இரண்டு வருஷம் லட்சுமிக்கும் மயிலுக்கும் கண்ணாடி வெட்டி, எந்த வாசலிலிருந்து வெளியே வந்தேனோ அதே வாசலுக்கு என்னைப் பூப்போட்டு அழைத்துப் போகிறார்கள். இதில் ஃபாதரின் முகத்தில் நல்லது செய்துவிட்ட திருப்தி வேறு.

"ஜன்னல்ல யார் பேர் எழுதுவீங்க ஃபாதர்?"

அவர் வெற்றிச்செல்வனைப் பார்த்தார். "ஸ்டுடியோ பேர் போடுறதுதான வழக்கம்?"

"வழக்கம்தான்" என்றார் வெற்றிச்செல்வன்.

எனக்கு இன்னும் ஒரு ஆள் பாக்கி இருந்தார். "கெங்கம்மாக்கா, நீங்க சொல்லுங்க. இத யார் வரைஞ்சது?"

"நீதான். என் கண்ணால பாத்தேனே."

"அப்ப யார் பேர் போடணும்?"

கெங்கம்மாள் யோசிக்கவே இல்லை. "எவன் பேர் இருந்தா இன்னா பாப்பா? பேரையா கும்புடப் போறோம்? இந்தக் கண்ணு இப்பிடியே இருந்தா போதும் எங்களுக்கு. அவரு சொல்றத ஒத்துக்கினு கம்முனு வரைஞ்சு குடு."

வெற்றிச்செல்வன் பொய் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பூபாலன் அதட்டியபோதும் கோபம்தான். இது அப்படி இல்லை. கெங்கம்மாளுக்கு என் மேல் ஒரு வன்மமும் இல்லை, மனசாரச் சொல்கிறார். என் கண் வேண்டும், நான் வேண்டாம். வெற்றிச்செல்வன் பதினோரு வருஷமாகச் சொன்னதும் இதுதானே?

திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். நன்றாகத்தான் வரைந்திருந்தேன். இருபத்துமூன்று கோவில்களில் ஒன்றில்கூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை. சூளையில் சுட்டால் நூறு வருஷத்துக்கு அழியாது. சுடாத வரைக்கும் அது வெறும் பொடி. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு இடது கண்ணைத் துடைத்தேன். பிறகு வலது கண்ணைத் துடைத்தேன். இரண்டு இடத்திலும் வெறும் வானம் தெரிந்தது.

"அய்யய்யோ! கண்ணப் புடுங்கிட்டாளே!" கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, சாமி கண்ண அழிச்சிட்டியேடி!"

"ஏய், லூசா நீ?" வெற்றிச்செல்வன் கத்தினார். "இறங்குடி கீழ!"

இறங்கினேன். கோவில் போய்விட்டது, எனக்குத் தெரியும். இனி இந்த மலையில் மட்டும் இல்லை, கீழேயும் இந்தக் கதையைச் சொல்லி எந்தச் சர்ச்சிலும் என்னைப் படியேற விடமாட்டார்கள். போகட்டும். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூரிகையை வெற்றிச்செல்வனின் கையில் திணித்தேன்.

"உங்க ஸ்டுடியோ, உங்க பேரு. நீங்களே வைங்க சார் கண்ண. பெயிண்ட் குழைச்சது மேல கீது."

"இன்னா மெரட்டுறியா? எங்கிட்ட ஆளா இல்ல? ஃபாதர், நாளைக்கே என் ஆர்ட்டிஸ்ட்ட அனுப்புறேன், இதவிட நல்லா..."

"யார் சார் உங்க ஆர்ட்டிஸ்ட்டு?" என்று பூபாலன் கேட்டார். புளி மண்டிக்காரர், மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதவர். "இப்பத்தான வெளிய சொன்னீங்க? மூஞ்சி வரைய இந்தம்மாவ வுட்டா ஆளில்ல, எப்பிடியாவது பேசி ஒத்துக்க வைங்கன்னு?"

வெற்றிச்செல்வன் கையிலிருந்த தூரிகையை ஃபாதரிடம் நீட்டப் பார்த்தார். ஃபாதர் தரையைப் பார்த்தார். நான் போர்வையை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். மாதிரியை எடுக்க மறுபடி ஏற வேண்டாம் என்று தோன்றியது. அது அங்கேயே இருக்கட்டும், கண்ணில்லாமல்.

கெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. தூணோரமாகத் தன் இடத்துக்குப் போய், சேலையைச் சரிசெய்துகொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்து, ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறுங்க சார்" என்றார். "என்னியப் பாக்குற மாதிரி வரைங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."